கோர்ட்ஹவுஸா, செயின்ட் லூயிஸா? அமெரிக்கக் கிராமக் கவுண்டிப் படைவீரர்களின் சேவைப் பதிவை எங்கே தேடத் தொடங்குவது

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) ஒன்றிலிருந்து போருக்குப் போனவரின் படைச் சேவைப் பதிவு வேண்டுமென்றால், பெரும்பாலானோர் நேராக மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸுக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். தேசியப் பணியாளர் பதிவு மையம் அங்கே இருப்பதால் கோப்பும் அங்கேதான் இருக்கும் என்ற எண்ணம். தேடப்படுகிறவர் இரண்டு உலகப் போர்களில் ஒன்றில் தரைப்படையில் இருந்தவரானால், மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு கைக்கு வருவது பல நேரம் கோப்பு கிடைக்கவில்லை என்ற கடிதம் மட்டுமே. அதே ஆளின் டிஸ்சார்ஜ் பத்திரத்தின் (படையிலிருந்து விடுவித்த சான்றின்) நகல் அவருடைய ஊர்க் கோர்ட்ஹவுஸில், அதாவது கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில், நிலப் பத்திரங்கள் இருக்கும் அறையிலேயே, சேதமில்லாமல் இருக்கக்கூடும்.

எங்கே முதலில் கேட்பது என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: எந்தப் போர், எந்தப் படை, ஆள் உயிரோடு ஊர் திரும்பினாரா. இந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் பணம் கட்டக் கூடாது.

எடுத்துக்காட்டு வேண்டிய இடங்களில் வர்ஜீனியாவின் பெட்ஃபோர்டு கவுண்டியை எடுத்துக்கொள்வோம். புளூ ரிட்ஜ் மலையடிவாரத்து விவசாய நாடு. 29வது டிவிஷன், 116வது காலாட்படை ரெஜிமென்ட்டின் ‘ஏ’ கம்பெனி இந்த ஊர் நேஷனல் கார்டுப் பிரிவு, அதாவது மாநிலத்தின் பகுதிநேரப் படை. 1944 ஜூன் 6 அன்று பிரான்ஸின் நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையில் முதல் அலையில் இறங்கியது. ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அன்றைய இழப்பு மிகப் பெரிது. அந்தத் தரையிறக்க நாளுக்கான டி-டே தேசிய நினைவகம் அங்கே அமைந்ததற்குக் காரணமும் அதுதான். இப்படிப்பட்ட கவுண்டியில் ஒரே தெருவில் வளர்ந்த இருவரின் பதிவுகூட இரண்டு வேறு இடங்களில் கிடக்கும்.

செயின்ட் லூயிஸ்: எரிந்ததும் எரியாததும்

1973 ஜூலை 12 அன்று, அப்போது ஓவர்லாண்ட் என்ற புறநகரில் இருந்த மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. கோப்புகள் அடுக்கியிருந்த தளத்தில் தீத்தடுப்புச் சுவரும் இல்லை, தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பானும் இல்லை. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 விழுக்காடு போனது. 1947 செப்டம்பர் 25 முதல் 1964 ஜனவரி 1 வரை விலகிய விமானப்படையினரில், ஆங்கில அகரவரிசைப்படி ஹப்பர்டு என்ற குடும்பப் பெயருக்குப் பின்னால் வருபவர்களின் கோப்புகளில் சுமார் 75 விழுக்காடு போனது. நகல் இல்லை, மைக்ரோஃபிலிம் இல்லை, அங்கே எவருடைய கோப்புகள் இருந்தன என்ற பட்டியலும் இல்லை. அதனால் மையத்தால் ‘இவருடைய கோப்பு எரிந்துவிட்டது’ என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்திருந்தால் எரிந்த பகுதியில்தான் இருந்திருக்கும் என்று எழுதுவார்கள்.

கடற்படை, மரீன், கடலோரக் காவல் படை ஆகியவற்றின் கோப்புகள் தப்பின. ஆகவே உங்கள் ஆள் மாலுமியாகவோ மரீனாகவோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், செயின்ட் லூயிஸ்தான் முதல் இடம். முழுக் கோப்பில் சேர்க்கைப் பத்திரம், கப்பல் மாறுதல்கள், நடத்தை மதிப்பெண், மருத்துவத் தாள்கள், பல நேரம் புகைப்படம் எல்லாம் இருக்கும். வேறெங்கும் இவ்வளவு ஒரே உறையில் கிடைக்காது.

யார் கேட்கலாம் என்பதில் ஒரு கோடு இருக்கிறது. படையிலிருந்து விலகி 62 ஆண்டுகள் கடந்துவிட்டால் கோப்பு தேசிய ஆவணக் காப்பகத்தின் சொத்தாகிவிடும். யார் வேண்டுமானாலும் முழு நகல் வாங்கலாம். ஐந்து பக்கம் வரை 25 டாலர், ஆறும் அதற்கு மேலும் என்றால் 70 டாலர். பெரும்பாலான கோப்புகள் ஆறு பக்கத்தைத் தாண்டும், ஆகவே 70 என்றே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் மாறக்கூடியது, அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள். 62 ஆண்டு ஆகாத கோப்பு என்றால் வீரர் தாமே கேட்கலாம். அவர் இறந்துவிட்டால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் இறப்புச் சான்றோடு கேட்கலாம். பேரப்பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இல்லை. இது தெரியாமல் பேரன் கையெழுத்தில் போகும் விண்ணப்பங்கள் தேவையில்லாமல் திரும்பி வருகின்றன. உயிரோடிருக்கும் மகளோ மகனோ கையெழுத்திட்டால் வேலை முடிந்தது. உறவே இல்லாதவருக்குப் பெயர், சேவைத் தேதிகள், பதவி, பணியிடங்கள், பதக்கங்கள் என்ற அளவில்தான் தருவார்கள்.

விண்ணப்பம் எஸ்எஃப்-180 என்ற படிவம். குடும்பத்தார் இணையத்திலும் கேட்கலாம். நிரப்பும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் பெயரில்தான். கிராமத்தில் நடுப்பெயராலேயே அழைக்கப்பட்டவர் படையில் முதல் பெயரில் இருப்பார். அவர் சேர்ந்தபோது கொடுத்த பெயரையே எழுத வேண்டும். சேவை எண் தெரிந்தால் கட்டாயம் எழுதுங்கள்; ஒரே பெயரில் பல பேர் இருக்கும் அடுக்கில் அதுதான் ஆளைப் பிரித்துக் காட்டும். ‘என்ன வேண்டும்’ என்ற கட்டத்தில் முழுப் பணியாளர் கோப்பின் எல்லாப் பக்கங்களும் என்று கேளுங்கள். படையிலிருந்து விலகிய சான்றை மட்டும் குறித்தால் அந்த ஒற்றைத் தாள்தான் வரும்.

தரைப்படைக் கோப்பு கேட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் முழுதாக வரும். ஓரம் கருகியதும் நீரில் ஊறியதுமாகத் தீயிலிருந்து மீட்ட கோப்புகள் சுமார் 65 லட்சம் உண்டு. இவற்றை ‘பி’ கோப்பு என்பார்கள். அவற்றைப் பராமரிப்பு வல்லுநர்களே கையாள வேண்டும் என்பதால் காலம் கூடுதலாகும். நடுப்பகுதி படிக்கக் கிடைக்கும், ஓரத்திலிருந்த தேதிகள் போயிருக்கும். மூன்றாவது, ஒன்றுமில்லை என்பது. அப்போது என்ஏ 13075 என்ற படிவத்தை அனுப்பி, உங்களுக்குத் தெரிந்ததைக் கேட்பார்கள். அதை வைத்துக் கடைசிச் சம்பள வவுச்சர் போன்ற பக்கவாட்டு ஆவணங்களைத் தேடி, சேவைச் சான்று ஒன்று தயாரித்துத் தருவார்கள். வவுச்சரில் பெயர், எண், சேவைத் தேதி, விலகிய தன்மை, வீட்டு முகவரி அளவுக்குக் கிடைக்கும். பென்ஷனுக்கும் கல்லறைக் கல்லுக்கும் அது போதும். ஆள் எங்கே போரிட்டார் என்பது அதில் இருக்காது.

கோர்ட்ஹவுஸின் டிஸ்சார்ஜ் புத்தகம்

போர் முடிந்து வந்தவர்களிடம் ‘உங்கள் டிஸ்சார்ஜ் பத்திரத்தைக் கவுண்டி அலுவலகத்தில் பதிந்துவையுங்கள், தொலைந்தால் நகல் கிடைக்கும்’ என்று சொல்லப்பட்டது. பல மாநிலங்களில் பதிவுக் கட்டணமும் கிடையாது. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவது போலத்தான்: மூலத்தை ஆள் எடுத்துப் போய்விடுவார், நகல் தடித்த புத்தகத்தில் நிற்கும். 1973இல் செயின்ட் லூயிஸில் எரிந்த தாளின் இரட்டை இப்படித்தான் நாடு முழுக்கச் சிதறி உயிரோடிருக்கிறது. தரைப்படை வீரருக்கு, அதிலும் கிராமத்துக்குத் திரும்பி வந்து நிலம் உழுதவருக்கு, எங்கள் தேர்வு எப்போதும் இதுதான்.

யாரைக் கேட்பது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வர்ஜீனியாவில் சர்க்யூட் கோர்ட் கிளார்க். வட கரோலினா, டென்னசி, கான்சஸ் மாநிலங்களில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ். ஒஹாயோவிலும் அயோவாவிலும் கவுண்டி ரெக்கார்டர். டெக்சஸில் கவுண்டி கிளார்க். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்களில் கவுண்டிக்கே வேலையில்லை, டவுன் கிளார்க்கைக் கேட்க வேண்டும். ‘படைப் பதிவு’ என்று கேட்டால் இல்லையென்பார்கள். ‘சோல்ஜர்ஸ் டிஸ்சார்ஜ் ரெக்கார்டு’ என்று கேளுங்கள், எந்தப் போர், எந்தக் குடும்பப் பெயர் என்றும் சொல்லுங்கள்.

கவுண்டி எது என்பதிலும் ஏமாறலாம். பத்திரத்தை ஆள் பிறந்த கவுண்டியில் பதிய வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. போருக்குப் பிறகு வேலை தேடிப் போன ஊரிலோ மனைவியின் ஊரிலோ பதிந்தவர்கள் நிறைய. வர்ஜீனியாவில் இன்னொரு சிக்கல்: அங்கே சுயாட்சி நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராதவை. பெட்ஃபோர்டு கவுண்டியின் கிழக்கு ஓரத்தில் வாழ்ந்தவர் லிஞ்ச்பர்க் நகரத்தில் பதிந்திருந்தால் கவுண்டி அட்டவணையில் பெயர் வராது. அட்டவணையில் இல்லையென்றால் சுற்றியிருக்கும் இரண்டு மூன்று அலுவலகங்களையாவது பார்த்துவிட்டுத்தான் கைவிட வேண்டும். தென் மாநிலங்களின் சில கவுண்டிகளில் கறுப்பின வீரர்களுக்குத் தனிப் புத்தகம் வைத்தார்கள். ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது.

முதல் உலகப் போரின் பத்திரத்தில் முன்பக்கம் அழகான அச்சு, பெயர், எண், விலகிய நாள். விஷயமெல்லாம் பின்பக்கத்தில்: சேர்ந்த நாள், கலந்துகொண்ட சண்டைகள், காயம், நடத்தை, குறிப்புகள். சில எழுத்தர்கள் இரண்டு பக்கத்தையும் தட்டச்சு செய்தார்கள். சிலர் ஃபோட்டோஸ்டாட் ஒட்டினார்கள். நகல் கேட்கும்போது ‘பின்பக்கமும் சேர்த்து’ என்று சொல்லாவிட்டால் வெறும் முன்பக்கம் வந்து சேரும். தட்டச்சு நகலில் பிரெஞ்சு ஊர்ப் பெயர்கள் எழுத்துப்பிழையோடு இருக்கும், அதை வரைபடத்தில் அப்படியே தேடினால் கிடைக்காது.

இரண்டாம் உலகப் போரில் தரைப்படைச் சிப்பாய்க்குக் கொடுத்த படிவம் டபிள்யூடி ஏஜிஓ 53-55. (1950 முதல்தான் எல்லாப் படைக்கும் டிடி-214 என்ற ஒரே விலகல் படிவம்.) இந்த ஒற்றைத் தாளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் பாதிக் கோப்பு கையில் இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். தவறாகப் படித்தால் இரண்டு ஆண்டுத் தேடல் வீணாகும்.

வீணாக்குவது மேலே இருக்கும் 6ஆம் கட்டம், ‘ஆர்கனைசேஷன்’. அது ஆள் விலகியபோது எந்தப் பிரிவில் இருந்தார் என்பது மட்டுமே. 1945 மே மாதம் முதல் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்பதைப் புள்ளிக் கணக்கு முடிவு செய்தது: சேவையில் ஒரு மாதத்துக்கு ஒரு புள்ளி, கடல்கடந்த ஒரு மாதத்துக்கு மேலும் ஒன்று, குறிப்பிட்ட சில பதக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் போர்முனை நட்சத்திரத்துக்கும் ஐந்து, குழந்தை ஒன்றுக்குப் பன்னிரண்டு, மூன்று குழந்தை வரை. தொடக்கத்தில் 85 எட்டியவர்கள் போகலாம். அதிகப் புள்ளிக்காரர்களை, ஊர் திரும்பவிருந்த ஏதோ ஒரு பிரிவுக்கு மாற்றி, அதோடு கப்பலேற்றினார்கள். ஆகவே காலாட்படையில் நார்மண்டியிலிருந்து நடந்தவரின் 6ஆம் கட்டத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவின் பெயர் இருக்கலாம். அந்தப் பிரிவின் வரலாற்றைப் படித்துவிட்டு ‘தாத்தா பீரங்கிப் படையில் இருந்தார்’ என்று கல்வெட்டு வைத்த ஊர்கள் உண்டு.

அதைச் சரிபார்க்கக் கீழ்க்கட்டங்கள் உதவும். 30 இராணுவ வேலை, அதன் எண்ணோடு. 745 என்றால் துப்பாக்கி வீரர். 32 போர்முனைகள்: ‘நார்மண்டி, வடக்கு பிரான்ஸ், ரைன்லாண்ட்’ என்று வரும். இந்தப் பெருமை பிரிவுக்குக் கொடுக்கப்பட்டது. ஆள் முன்வரிசையில் நின்றார் என்பதற்கு அது தனிச்சான்றாகாது. 33 பதக்கங்கள். கோம்பாட் இன்ஃபன்ட்ரி பேட்ஜ் எங்கேனும் குறித்திருந்தால் காலாட்படையில் சண்டையிட்டவர் என்பது உறுதி. 34 காயம், நாளோடும் இடத்தோடும். 36 கடல்கடந்து போன நாள், சேர்ந்த நாள், திரும்பிய நாள். கடைசியில் குறிப்புக் கட்டத்தில் ஏஎஸ்ஆர் மதிப்பெண் இருக்கும், மேலே சொன்ன புள்ளிக் கணக்கின் மொத்தம் அது. மாதங்களையும் நட்சத்திரங்களையும் கூட்டிப் பார்த்து அந்த மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். ஐந்தைந்தாகக் குறைந்தால் தாளில் ஏறாத பதக்கமோ போர்முனையோ இருக்கிறது. பன்னிரண்டு குறைந்தால் குழந்தை ஒன்றை விட்டிருக்கிறீர்கள்.

சேவை எண்ணும் பேசும். முதல் இலக்கம் 1 என்றால் தாமாகச் சேர்ந்தவர், 2 என்றால் நேஷனல் கார்டிலிருந்து வந்தவர், 3 என்றால் கட்டாய ஆள்சேர்ப்பில் எடுக்கப்பட்டவர். இரண்டாவது இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும். தன்னார்வலர்களிடமும் கட்டாயச் சேர்ப்பினரிடமும் இது நம்பகமானது. வர்ஜீனியா மூன்றாம் வட்டாரத்தில் இருந்ததால் பெட்ஃபோர்டிலிருந்து எடுக்கப்பட்டவரின் எண் 33இல் தொடங்கும். 1941 பிப்ரவரி 3 அன்று மத்திய சேவைக்கு அழைக்கப்பட்ட ‘ஏ’ கம்பெனிப் பழைய ஆட்களின் எண் 20இல் தொடங்கும். வர்ஜீனியாக்காரர் என்று சொல்லப்படுபவரின் எண் 38 என்றால் அவர் டெக்சஸ், ஓக்லஹோமா, லூயிசியானா பக்கம் எங்கோ சேர்ந்திருக்கிறார். அங்கேயும் தேட வேண்டும்.

கோர்ட்ஹவுஸின் குறைகளையும் சொல்ல வேண்டும். எல்லோரும் பதியவில்லை. போரில் இறந்தவர்களுக்கு டிஸ்சார்ஜே இல்லை, ஆகவே இந்தப் புத்தகத்தில் அவர்கள் இருக்க வாய்ப்பில்லை. பல மாநிலங்கள் இந்தப் புத்தகங்களைப் பொதுப் பார்வையிலிருந்து மூடிவிட்டன. 1969 ஜூலையிலிருந்து தரைப்படையும் விமானப்படையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையே சேவை எண்ணாக வைத்ததால் அடையாளத் திருட்டு பயம். எழுதும்போது உங்கள் உறவையும் வீரரின் இறப்புத் தேதியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில கவுண்டிகளின் புத்தகங்கள் ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் படமாக இருக்கின்றன. பெயர்த் தேடலில் வராவிட்டாலும் கவுண்டி வாரியான பட்டியலில் புகுந்து பக்கம் பக்கமாகப் புரட்டலாம். கணக்குத் திறப்பது இலவசம். சில படங்கள் மட்டும் அவர்களுடைய மையங்களிலும் இணைந்த நூலகங்களிலும்தான் திறக்கும்.

மாநிலக் காப்பகம்

முதல் உலகப் போர் வீரருக்கு மாநிலக் காப்பகத்தைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லாமல் போகலாம். போர் முடிந்த கையோடு போர்த்துறை ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சேவை அட்டை தயாரித்து அந்தந்த மாநிலத்தின் அட்ஜுடன்ட் ஜெனரலுக்கு, அதாவது மாநிலப் படையின் தலைமை அதிகாரிக்கு, அனுப்பியது. பிறந்த ஊர், வசித்த ஊர், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை எந்தப் பிரிவு, பதவி உயர்வு, சண்டைகள், காயம், கடல்கடந்த தேதிகள் எல்லாம் ஒரே அட்டையில். 6ஆம் கட்டத்தில் சொன்ன கோளாறு இங்கே இல்லை. பிரிவு மாற்றங்கள் வரிசையாக இருக்கும். மிசௌரி தன் அட்டைகளை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. ஒஹாயோ பெயர்ப்பட்டியலாகவே அச்சிட்டது. வர்ஜீனியாவில் இன்னும் சுவையான ஒன்று உண்டு: போர் வரலாற்றுக் குழு திரும்பி வந்தவர்களுக்கு அனுப்பிய கேள்வித்தாள்கள். படையில் சேர அழைப்பு வந்தபோது என்ன மனநிலை, போர் உங்கள் சமய நம்பிக்கையை மாற்றியதா என்றெல்லாம் கேட்டார்கள். பதில்கள் ரிச்மண்டில் லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவில் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். எல்லோரும் நிரப்பித் தரவில்லை.

நேஷனல் கார்டில் ஊரிலேயே பயிற்சி செய்த காலத்துக்கான பதிவு மத்திய அரசிடம் இருக்காது. அதற்கும் மாநில அட்ஜுடன்ட் ஜெனரலைத்தான் கேட்க வேண்டும்.

சந்தாத் தளங்களும் இலவசத் தளங்களும்

ஃபோல்டு3, ஆன்செஸ்ட்ரி என்ற சந்தாத் தளங்கள் இரண்டும் உடனே விடை தருவதால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அங்கே முதலில் வருவது டிராஃப்ட் கார்டு, கட்டாய ஆள்சேர்ப்புக்கான பதிவு அட்டை. பதிவு செய்துகொண்டார் என்பதற்குத்தான் அது சான்று. படைக்குப் போனார் என்பதற்கு அல்ல. 1917-18இல் சுமார் 2.4 கோடிப் பேர் பதிந்தார்கள், பெரும்பாலோர் சீருடையே அணியவில்லை. 1917 ஜூன் பதிவின் அட்டையில் கீழ் இடது மூலை கிழிந்திருந்தால் அது சேதமல்ல. ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்றால் மூலையைக் கிழிக்கும்படி அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். 1942 ஏப்ரல் 27 அன்று நடந்தது முதியோர் பதிவு, 1877 ஏப்ரல் 28 முதல் 1897 பிப்ரவரி 16 வரை பிறந்தவர்களுக்கு. அவர்களைப் படைக்கு அழைக்கும் எண்ணமே இருக்கவில்லை. அலபாமா, ஜார்ஜியா, கென்டக்கி, டென்னசி, இரண்டு கரோலினாக்கள் உள்ளிட்ட சில தென் மாநிலங்களின் இந்த அட்டைகள் அழிக்கப்பட்டுவிட்டன, தேடிப் பயனில்லை.

சந்தா கட்டுமுன் தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவசத் தரவுத்தளத்தில் இரண்டாம் உலகப் போர்த் தரைப்படைச் சேர்க்கைப் பதிவுகளைப் பாருங்கள். சுமார் 90 லட்சம் பதிவுகள். மாநிலம், கவுண்டி வாரியாகப் பிரிக்கலாம். ஒரு கவுண்டி முழுமைக்கும் பட்டியல் தயாரிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. துளை அட்டைகளின் மைக்ரோஃபிலிமைக் கணினி படித்து உண்டான பட்டியல் என்பதால் எழுத்துகள் மாறியிருக்கும். பெயரில் கிடைக்காவிட்டால் சேவை எண்ணை இட்டுப் பாருங்கள். 1943 மார்ச் முதல் மே வரை சேர்ந்த பலருக்கு எடை என்ற இடத்தில் இருப்பது தகுதித் தேர்வு மதிப்பெண். ஒல்லி, குண்டு என்று முடிவுகட்ட வேண்டாம். கடற்படையினரும் மரீன்களும் இதில் இல்லை.

சந்தாவுக்கு மதிப்பு வருவது கப்பல் ஆள்கணக்கு, மஸ்டர் ரோல் என்ற மரீன் படை ஆள்பட்டியல், 1925 முதல் 1963 வரையிலான கல்லறைக்கல் விண்ணப்பங்கள் ஆகியவற்றுக்காக. கல்லறைக்கல் விண்ணப்பத்தில் குடும்பம் எழுதிய பிரிவின் பெயரை அதிகாரிகள் சரிபார்த்துத் திருத்தியிருப்பார்கள். அடித்தெழுதியதுதான் சரியான பிரிவு. பல பொது நூலகங்களிலும் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடங்களிலும் இந்தத் தளங்களைக் காசில்லாமல் பார்க்கலாம்.

திரும்பி வராதவர்கள்

1946இல் போர்த்துறை வெளியிட்ட இறந்தோர், காணாமற்போனோர் பட்டியல் மாநிலவாரி, அதற்குள் கவுண்டி வாரி. தரைப்படையும் அதன் விமானப் பிரிவும் மட்டும். பெயருக்கு எதிரே இருக்கும் குறியைக் கவனியுங்கள்: கேஐஏ சண்டையில் மடிந்தவர், டிஓடபிள்யூ காயத்தால் பிறகு இறந்தவர், டிஎன்பி விபத்தோ நோயோ, எஃப்ஓடி உடல் கிடைக்காமல் இறந்ததாக அறிவிக்கப்பட்டவர். நினைவுக் கல்லில் எல்லோரையும் ‘சண்டையில் மடிந்தவர்’ என்று எழுதிவிடும் வழக்கம் இந்தப் பட்டியலைப் பார்த்தால் குறையும். கடற்படைக்கான பட்டியல் தனி, அது மாநில அளவோடு நின்றுவிடும்.

பெயர் கிடைத்ததும் கேட்க வேண்டியது ஐடிபிஎஃப் என்ற இறந்தோர் கோப்பு. 1973 தீ இதைத் தொடவில்லை. எங்கே, எப்படி இறந்தார், பல் வரைபடம், தற்காலிகப் புதைகுழி எண், உடைமைப் பட்டியல், உடலை ஊருக்குக் கொண்டுவருவதா அங்கேயே விடுவதா என்று பெற்றோரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் இருக்கும். படிக்கக் கனமானது. வீட்டில் மூத்தவர்களிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது.

உள்நாட்டுப் போர்: சேவைப் பதிவா, பென்ஷன் கோப்பா

1861-65க்குச் செயின்ட் லூயிஸ் தேவையில்லை, வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம்தான். அங்கே இரண்டு கோப்புகள் உண்டு. சேவைப் பதிவு 30 டாலர். ஆள் கம்பெனியில் இருந்தாரா இல்லையா என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்த கணக்கின் சுருக்க அட்டைகள். வடக்குப் படையினரின் பென்ஷன் கோப்பு முதல் 100 பக்கத்துக்கு 80 டாலர், அதற்கு மேல் பக்கத்துக்கு 70 சென்ட். விலை கூடுதல்தான், ஆனாலும் இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பென்ஷனை வாங்குங்கள். காயத்தை விவரிக்கும் மருத்துவர், திருமணத்துக்குச் சாட்சி சொல்லும் பக்கத்து வீட்டார், பிள்ளைகளின் பிறந்த நாள் என்று கிராமமே அதற்குள் பேசும். கறுப்பினப் படைவீரர்களின் விதவைகள் கோப்பில், அடிமைக் காலத்தில் சட்டப்படி பதியப்படாத திருமணங்களை நிரூபிக்க எடுத்த வாக்குமூலங்கள் இருக்கும். அந்தக் குடும்பங்களுக்கு வேறு எந்த ஆவணமும் இதற்கு ஈடில்லை.

தெற்குப் படையினருக்கு மத்திய அரசு பென்ஷன் தரவில்லை, மாநிலங்கள் தந்தன. ஆள் எந்த மாநிலத்துக்காகப் போரிட்டார் என்பது இங்கே பொருட்டல்ல, விண்ணப்பித்தபோது எங்கே குடியிருந்தார் என்பதே பொருட்டு. பெட்ஃபோர்டில் சேர்ந்து போருக்குப் பின் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தவரின் கோப்பு டெக்சஸில் இருக்கும். தெற்குப் படையினரின் சேவைப் பதிவுகள் முழுவதும் மைக்ரோஃபிலிமாகி இணையத்தில் வந்துவிட்டதால் அவற்றுக்கு 30 டாலர் கட்ட வேண்டியதில்லை.

பணம், காலம், வரிசை

தரைப்படை, உலகப் போர், உயிரோடு திரும்பியவர்: முதலில் ஃபேமிலிசர்ச்சில் கவுண்டிப் புத்தகம், இல்லையென்றால் கிளார்க்குக்குக் கடிதம், முதல் உலகப் போரானால் கூடவே மாநில அட்டை. நகலுக்குச் சில டாலரே ஆகும், சிறிய அலுவலகங்களில் பதில் சீக்கிரம் வரும். கிடைத்த தாளிலிருந்து சேவை எண்ணையும் பிரிவையும் எடுத்த பிறகு செயின்ட் லூயிஸுக்கு எழுதுங்கள். இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு: கோப்பு எரிந்திருந்தால் அவர்கள் மறுகட்டமைக்கக் கேட்கும் விவரமெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில்தான் இருக்கிறது.

ஒரு நாள் செயின்ட் லூயிஸுக்கே போக முடிந்தால் முன்பதிவு செய்துகொண்டு கோப்பையும் மார்னிங் ரிப்போர்ட்டையும் அங்கேயே பார்க்கலாம். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, படமும் எடுத்துக்கொள்ளலாம். மார்னிங் ரிப்போர்ட் என்பது ஒவ்வொரு கம்பெனியும் தினமும் எழுதிய ஆள்கணக்கு. அதில் எல்லோருடைய பெயரும் தினமும் வராது. வந்து சேர்ந்தவர், மருத்துவமனைக்குப் போனவர், காணாமற்போனவர், பதவி மாறியவர் மட்டும். ‘டியூட்டி டு எஸ்கே’ என்றிருந்தால் மருத்துவத்துக்குப் போனார், ‘எல்டி’ என்றால் பணியின்போது ஏற்பட்டது. சண்டை நாட்களில் நடந்தது சில நாள் கழித்துத்தான் எழுதப்படும். ஆகவே ஜூன் 6இல் நடந்ததை ஜூன் 6 தாளில் மட்டும் தேடாமல் மாதம் முழுவதையும் புரட்டுங்கள். இதைப் பார்க்கக் கம்பெனி வரை பிரிவு தெரிய வேண்டும், ரெஜிமென்ட் மட்டும் போதாது. முழுப் பெயர்ப்பட்டியலான ரோஸ்டரில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று ஆண்டுகளும் அழிக்கப்பட்டுவிட்டதால், போரின் முக்கியமான காலத்துக்கு மார்னிங் ரிப்போர்ட்தான் ஒரே வழி.

ஒருவருக்கு அல்லாமல் கவுண்டி முழுவதற்கும் பட்டியல் போடுகிறவர்கள் ஆளுக்கு 70 டாலர் கட்டிக் கட்டுப்படியாகாது. சேர்க்கைத் தரவுத்தளம், 1946 பட்டியல், டிஸ்சார்ஜ் அட்டவணை மூன்றையும் சேவை எண்ணால் பொருத்துங்கள். பெயரால் பொருத்தினால் அப்பாவும் மகனும் ஒருவராகிவிடுவார்கள். பொருந்தாமல் நிற்பவர்களுக்கு மட்டும் செயின்ட் லூயிஸ்.

ஆவணங்கள் முரண்பட்டால் நிகழ்ந்த காலத்துக்கு அருகில் எழுதப்பட்டதை நம்புங்கள். தேதிக்கு மார்னிங் ரிப்போர்ட், மொத்தச் சேவைக்கு டிஸ்சார்ஜ், பிறந்த நாளுக்கு இரண்டுமே வேண்டாம்: பதினெட்டு ஆகாமல் சேர்ந்தவர்கள் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். ஊர் நூலகத்திலோ இணையத்திலோ படத்தை வைக்குமுன் 1969க்குப் பிந்தைய தாள்களில் எண்ணையும், எல்லாக் காலத்துத் தாள்களிலும் மருத்துவப் பக்கங்களையும் மறைத்துவிடுங்கள்.